பச்சை மாறாத மூட்டை

கல்லோடை கோர்ட்டின் சொத்து அறையில் பூட்டிக் கிடந்த கஞ்சா மூட்டை வாடவே இல்லை என்பதை எங்கள் ஊரில் முதலில் தெரிந்துகொண்டவை தேனீக்கள். மலை காய்ந்து, ஓடை காய்ந்து, வேலியோரத்து எருக்கு கூடத் தலை தொங்கிக் கிடந்த ஒரு சித்திரை மத்தியானத்தில், கறுப்புத் துப்பட்டி ஒன்று காற்றில் மிதந்து வருவதுபோல மேற்கேயிருந்து வந்து, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பழக்கடைகளைத் திரும்பியும் பாராமல், சர்பத் கடையைச் சட்டை செய்யாமல், நேராகக் கோர்ட்டுக்குப் போய், சொத்து அறையின் கம்பிச் சன்னலில் அப்பிக்கொண்டன. பக்கத்துக் கூடத்தில் சைக்கிள் திருட்டு வழக்கில் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட்டுக்குத் தன் குரலே தன் காதில் விழவில்லை. அவர் திருடனை விடுதலை செய்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அறைச் சாவி நாசரிடம் இருந்தது. வழக்குச் சாமான்களைப் பாதுகாக்கும் கோர்ட்டு உத்தியோகஸ்தரை நாசர் என்பார்கள். இவர் பெயர் கிருபாகரன், மெலிந்த மனிதர், எதையும் இரண்டு தடவை பூட்டி இழுத்துப் பார்ப்பவர். பிடிபட்ட கஞ்சா கடைசியில் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் பச்சை போகும், பிறகு பூவின் பிசுக்கு போகும், பிறகு வாசம் போகும், ஐப்பசி மழையில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும், அடுத்த கோடையில் மூட்டைக்குள் மூக்குப்பொடி மாதிரி ஏதோ மிஞ்சும். அதைக் கெடாமல் வைக்க வேண்டுமென்றால் வெளிச்சம் படக்கூடாது, காற்று போய்வரக்கூடாது, ரொம்பக் காயவும் கூடாது, ஈரம் கோர்க்கவும் கூடாது. எங்கள் கோர்ட்டின் சொத்து அறைக்கோ தகரக் கதவு, மழைக்கு ஒழுகும் மேற்குச் சுவர், மூடாத சன்னல். கெடுப்பதற்கென்றே அரசாங்கம் கட்டிய அறை அது.

அந்த அறையில் அந்த மூட்டை, அன்று காலையில் அறுத்துக் கட்டியதுபோல் புடைத்துக்கொண்டு நின்றது. நாசர் விரலால் அமுக்கினார். அமுங்கி, மூச்சு விடுவதுபோல் மெதுவாகத் திரும்ப எழுந்தது. சணல் இழைகளுக்கு இடையில் பச்சை வாசம் கசிந்தது. ஆச்சரியப்படுவதற்கு நாசருக்குச் சம்பளம் கிடையாது. தேனீக்கள் சன்னல் வழியே வந்து மொய்க்காமலிருக்கப் பழைய கோணி ஒன்றைப் போட்டு மூடினார், அதன் மேல் தன் சாப்பாட்டு டிபனை வைத்துவிட்டுச் சன்னலுக்கு அட்டை அடித்தார், டிபனை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து திறந்தால் தயிர்சாதம் புளிக்கவில்லை. தாளித்த கடுகு இன்னும் சூடாக இருந்தது.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா?

முதலில் வந்தவர்கள் பூக்காரர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பூவின் விலை ஏறும் என்பதால், விலை இறங்கிக் கிடக்கும்போதே வாங்கிய மல்லிகையைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மூட்டையைச் சுற்றி அடுக்கினார்கள். மொட்டு மொட்டாகவே இருந்தது, மணப்பெண்ணின் தலையில் ஏறிய பிறகுதான் விரிந்தது. பிறகு பால்காரர்கள் வந்தார்கள், மாவு அரைக்கிறவர்கள் வந்தார்கள், கோழிக்கறிக் கடைக்காரர் வந்தார். பாதிச் சாமியாரான ஒருவர் தன் தலைமுடி நரைக்காமலிருக்க அரைநாள் உள்ளே உட்கார்ந்துவிட்டுப் போனார். சேவல்கட்டு வழக்கில் பிடிபட்டு, சான்றுப் பொருளாக அதே அறையில் கட்டிப்போட்டிருந்த சிவப்புச் சேவல் ஒன்று, தன் காலத்துச் சேவல்கள் எல்லாம் குழம்பாகிப் பல தலைமுறை கழிந்த பிறகும், கொண்டை துவளாமல் நின்று, தீர்ப்பு வாசிக்கும் நேரமாகப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது. தேர்தல் சமயத்தில் ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் ஒருவர், தலைவர் மேடையில் கொடுத்த வாக்குறுதியை ஒலிநாடாவில் பிடித்து அங்கே கொண்டுவந்து வைத்தார். அடுத்த நாளே நாற்றம் தாங்கவில்லை. அது அறையின் குற்றம் அல்ல.

கடைசியாக வந்தவர் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். ஆஸ்பத்திரியில் குளிர்பெட்டி பழுதாகி வருஷக்கணக்காகிவிட்டது, பாம்புக்கடி மருந்தை வைக்க இடமில்லை. அவர் கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நாசரிடம் நீட்டினார். ஊரே எழுந்து வழிவிட்டது.

ஏட்டு சடையாண்டி ஒருத்தர்தான் அந்த அறைப் பக்கமே வராதவர். கோர்ட்டு டூட்டிக்கு வந்தாலும் வராந்தாவின் அந்தக் கோடியில் நிற்பார். எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. வலது கையில் ஆறு விரல், கட்டைவிரல் இரட்டை. ராசியான கை என்று பெயர். ஆயுத பூஜைக்கு ஸ்டேஷனில் ஜீப்பு, லத்தி, டைப்ரைட்டர், லாக்கப்புக் கதவு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அவர்தான். ஒரு தொடல், இரண்டு பொட்டு. கடைவீதிக்காரர்களும் தராசுக்கும் கல்லாவுக்கும் அவரைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார்கள். இரட்டைப் பொட்டைப் பார்த்தாலே சடையாண்டி கை என்று சின்னப் பிள்ளை சொல்லும்.

இனி அந்த மூட்டை யாருடையது என்று சொல்ல வேண்டும்.

அது பவுன்தாயுடையது என்று போலீஸ் சொன்னது. தன்னுடையது அல்ல என்று பவுன்தாய் சொன்னாள். வழக்கு அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஜீப்பு கவிழ்ந்தது.

எங்கள் அடிவாரத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்புகளில் அடைபட்டு, மலை ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் பறித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வருகிறவர்கள். ஏலக்காயை மூட்டை கட்டும்போது நசுங்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள். பறிக்கிறவளை அப்படி யாரும் ஏற்றுவதில்லை. ஒரு காலை ஏழாவது வளைவில் ஜீப்பு உருண்டது. செத்தவர்களைத் தார்ப்பாயில் வைத்து இறக்கினோம். தோட்ட முதலாளி, ஜீப்பு என்னுடையது இல்லை என்றார். ஜீப்புக்காரர், ஆளை ஏற்றச் சொன்னது நான் இல்லை என்றார். அப்போதுதான் பவுன்தாய், அதுவரை எங்கள் சங்கக் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறவள், எழுந்து நின்று, ஒரு கேள்வி கேட்டாள். அதையே கோஷமாக்கினோம். அவள் கேட்பாள், நாங்கள் பதில் சொல்வோம்.

"ஜீப்பு கவுந்தா யாரு பொறுப்பு?"

"தோட்டக்காரன் பொறுப்பு!"

நான் வாழ்நாள் முழுக்கச் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதியவன், நான் எழுதிய எதுவும் அந்தக் கேள்வியின் கால்தூசிக்கு வராது. காய் பறிப்பு மும்முரமாக இருந்த புரட்டாசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது, ஆயுத பூஜையன்று ஜீப்புகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த வீதி வழியாக, ஸ்டேஷன் வாசலை உரசிக்கொண்டு, அத்தனை பெண்களும் அந்தக் கேள்வியைக் கேட்டபடி போனார்கள். மலையில் காய் பழுத்து உதிர்ந்தது. முதலாளிகள் பேச்சுக்கு வர இருந்தார்கள். கார்த்திகையில் பவுன்தாய் குடிசையில் கஞ்சா மூட்டை கண்டெடுத்தார்கள். தலைவி கஞ்சா விற்றவள் என்றால் யார் பின்னால் வருவார்கள்? மறுவாரமே ஜீப்புகள் நிரம்பின. சங்கம் சந்தா கட்டுகிறவர்களின் சங்கமாகச் சுருங்கி, பிறகு சந்தாவும் இல்லாத சங்கமாகி, கடைசியில் நான், பவுன்தாய், ஒரு பெயர்ப்பலகை என்று ஆனது.

அவளை ஊர் கஞ்சாப் பவுனு என்றது. பஸ்ஸில் கண்டக்டர், "அக்கா, லக்கேஜ் இருக்கா?" என்று கேட்பான், பஸ் சிரிக்கும். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, கேஸ் முடியட்டும் என்று போனார்கள். கேஸ் முடியவில்லை. வழக்குப் போட்ட இன்ஸ்பெக்டர் பதவி உயர்ந்து ஊர் ஊராக மாறினார், சாட்சி சொல்ல வரவில்லை. மாஜிஸ்திரேட்டுகள் வந்தார்கள், போனார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. பவுன்தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே சேலையில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

எங்கள் வக்கீல் அரங்கசாமி நல்ல மனிதர், காசு கேட்காதவர். அவர் ஆரம்பத்திலேயே வழி சொன்னார்.

"பவுன்தாய், நீ ஒண்ணும் செய்ய வேணாம். மூட்டை தானா மக்கிப் பொடியாயிடும். சான்றுப் பொருள் இல்லைன்னு நான் ஒரு மனு போடுறேன். சாட்சியம் போதாதுன்னு விட்ருவாங்க."

"அப்ப நான் கஞ்சா வித்தவதான், சாட்சிதான் பத்தலைன்னு ஆகுமா, ஆகாதா?"

"ஊர் என்ன சொன்னா என்ன, நீ வெளிய வந்துருவ."

"நான் எப்ப சார் உள்ள இருந்தேன்? ஜாமீன்ல வெளியதான திரியிறேன். மூட்டையத் தொறக்கச் சொல்லுங்க."

"தொறந்து?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"என்ன இருக்குன்னு உனக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுங்கிறதுதான சார் என் கேசே!"

ஆகவே, உலகத்திலேயே, பிடிபட்ட கஞ்சா கெடாமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்ட ஒரே குற்றவாளி எங்கள் பவுன்தாய்தான். மழைக்காலத்தில் கோர்ட்டு ஓட்டுக்கு நீலத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தாள். எலிப்பொறியில் வைக்க நாசரிடம் கருவாட்டுத் தலை கொடுத்தாள். அவள் வேண்டுதலால்தான் மூட்டை வாடவில்லை என்று பெண்கள் சொன்னார்கள், மலைச்சாமி என்று பூசாரி சொன்னார், வேதியியல் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். நான் எதையும் சொல்லவில்லை. பொய்வழக்குகள் எங்கள் நாட்டில் எப்போதும் புதுசாகவே இருக்கின்றன, இதில் ஒரு மூட்டை மட்டும் வாட வேண்டும் என்று எதிர்பார்ப்பானேன்?

இப்படி வருஷங்கள் ஓடின பிறகு புது மாஜிஸ்திரேட்டாக ஒரு பெண் வந்தார். வந்ததும் பழைய வழக்குகளைத் தூசி தட்டினார். பழைய இன்ஸ்பெக்டருக்கு, இப்போது அவர் பெரிய அதிகாரி, பிடிவாரண்டு போட்டார். ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த நாளே போலீசார் பதறிப்போய் மனுப் போட்டார்கள்: மேற்படி கஞ்சா நாட்பட்டது, கெட்டுப்போகும் தன்மையது, எரித்து அழிக்க உத்தரவு வேண்டும்.

கெட்டுப்போகும் தன்மையது! கல்லோடையில் கெட்டுப்போகாத ஒரே பொருளைப் பற்றி! டீக்கடையில் அதை நான் உரக்க வாசித்தபோது பால்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

ஆனால் சிரிப்பு அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. எரித்தால் மூட்டை போகும். திறந்தாலும் வழக்கு முடியும், வழக்கு முடிந்தாலும் மூட்டையை எரிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் பூ வாடும், பால் திரியும், மாவு புளிக்கும். அப்போது என் வாழ்நாளில் முதல்முறையாக, நான் கூப்பிடாமலே ஒரு கூட்டம் சங்க அலுவலகத்தைத் தேடி வந்தது. வாசல் நிறைந்து, தெரு நிறைந்து, பெயர்ப்பலகை நிழலில் கூடப் பூக்கூடைகளோடு ஆட்கள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அத்தனை பேரை அங்கே பார்க்கிறேன்! என்ன கோரிக்கை என்று கேட்டேன்.

"வாய்தா வேணும், தோழர்," என்றார் பூக்கடைக்காரர்.

"யாருக்கு?"

"பவுனக்காவுக்குத்தான். எரிக்கவும் வேணாம், தொறக்கவும் வேணாம். உடம்புக்கு முடியலைன்னு ஒரு தடவ சொல்லட்டும். அடுத்த தடவ வக்கீலுக்கு முடியலைன்னு சொல்லலாம். இப்படியே ஓட்டிருவோம். கோர்ட்டுக்கு வந்துபோற செலவ நாங்க வீதிக்காரங்க ஏத்துக்கிறோம்."

நான் அவர்களைத் திட்டுவதற்குச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது கூட்டம் விலகிப் பவுன்தாய் வந்தாள். அவளுக்கு எதிரே குருவம்மா போய் நின்றாள். குருவம்மா அன்று கவிழ்ந்த ஜீப்பில் உயிர் தப்பியவள், பவுன்தாய்க்கு அடுத்து நின்று கோஷம் போட்டவள். போன ஆடியில் தோட்டத்தில் அவளைக் கட்டுவிரியன் கடித்தது. மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த மருந்துதான் அவளைக் காப்பாற்றியது.

"மதினி," என்றாள் குருவம்மா. "எனக்காகக் கேக்கல. நாளைக்கு இன்னொருத்திய கடிக்கும். ஒனக்கு ஒரு கெட்ட பேருதான். எங்களுக்கு உசிரு."

அதைவிட நியாயமான வார்த்தையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. பவுன்தாய் அவள் பக்கம் இன்னும் ஓரடி நெருங்கினாள்.

"ஏண்டி குருவு, பாம்புக்கடி மருந்துக்கு ஆஸ்பத்திரில ஒரு குளுருபெட்டி வேணும்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

"அவிங்க எங்க தரப்போறாய்ங்க?"

"என் கேசத்தான் ஆயுசு பூரா கேப்பீங்க. கவர்மெண்டுகிட்ட ஒரு பெட்டி கேக்க மாட்டீங்க. பொய்க்கேச ஒருத்தி தலையில வச்சு, அந்த நிழல்ல ஊரே பால் காச்சிக் குடிக்கிறீங்களே, எப்படிடி தொண்டையில எறங்குது?"

குருவம்மா அழுதாள். பவுன்தாய் அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், ஆனால் வார்த்தையை மாற்றவில்லை.

"நாளைக்குத் தொறக்கணும்னு கேப்பேன். ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா வராதீங்க. நான் தனியா நின்னு பழகுனவதான்."

மறுநாள் வராதவர் இல்லை. கோபத்தில் வந்தார்கள், பயத்தில் வந்தார்கள், கடைசியாக ஒரு கூடைப் பூவை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தார்கள். கோர்ட்டு வராந்தா கொள்ளாமல் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். டாக்டர் தன் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் இருந்தார். சேவலைக் கூட நாசர் கயிற்றோடு வெளியே கொண்டுவந்திருந்தார்.

இப்போது அதிகாரியான அந்தப் பழைய இன்ஸ்பெக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார். நரைத்திருந்தார், ஆனால் குரல் அதே குரல். "குற்றவாளி பவுன்தாய் குடிசையில் மூட்டையைக் கைப்பற்றி, அங்கேயே மேல் சாக்குப் போட்டுத் தைத்து, அரக்கு வைத்து, நேராகக் கோர்ட்டில் ஒப்படைத்தேன். ஸ்டேஷனுக்குக் கொண்டு போகவில்லை. அதற்கு முன்னால் நானோ என் ஆட்களோ அந்த மூட்டையைக் கண்ணால் பார்த்ததும் கிடையாது."

"உறுதியாகத்தானே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சத்தியமாக, அம்மா."

அரசு வக்கீல் எரிக்கும் மனுவை நீட்டினார். அரங்கசாமி எழுந்து திறக்கும் மனுவை நீட்டினார். மாஜிஸ்திரேட் இரண்டையும் பார்த்துவிட்டுப் பவுன்தாயைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"எரிக்கிறதுக்கு முன்னாடியாவது மொகத்தக் காட்டச் சொல்லுங்கம்மா. இம்புட்டு வருசமா என் பேரோட சேத்துச் சொல்றாங்க, நான் அத ஒரு தடவ கூடப் பாத்ததில்ல."

நாசர் அரக்கைக் காட்டினார், உடையாமல் இருந்தது. கத்தரிக்கோல் சணலில் ஓடியது. மேல் சாக்கு உரிந்து விழுந்ததும் உள்ளே ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டை, அதன் கழுத்துக் கட்டில் செருகிய ஒரு செவ்வந்திப்பூ, இப்போதுதான் பறித்ததுபோல், இதழில் தண்ணீரோடு. பூவுக்குக் கீழே சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பொட்டு.

முன்வரிசை எக்கிப் பார்த்தது. பிறகு வேப்பமரத்திலிருந்து யாரோ, ரொம்ப சாதாரணமாக, "அட, நம்ம ஏட்டு கை," என்றார்கள்.

கோர்ட்டு வெடித்தது. முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், பின்னால் இருந்தவர்கள் தெருவுக்குச் சொன்னார்கள், தெரு கடைவீதிக்குச் சொன்னது, தராசிலும் கல்லாவிலும் அதே இரட்டைப் பொட்டை வைத்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் அவற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். பிறகு வராந்தாவின் கோடியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டார்.

"ஏட்டையா, கையை நீட்டுங்க."

சடையாண்டி நீட்டினார். நாசர் மூட்டையைத் தூக்கிப் பக்கத்தில் பிடித்தார். பொட்டு அவ்வளவு ஈரமாக இருந்ததால், தொடாமலே, அவருடைய இரண்டு கட்டைவிரல் நுனியிலும் குங்குமம் ஏறிச் சிவந்தது.

"ஆயுத பூஜை அன்னைக்கு ஸ்டேஷன்ல இருக்கிற எல்லாத்துக்கும் வைப்பேன், அம்மா," என்றார் சடையாண்டி. அவர் அதிகாரியின் பக்கம் திரும்பவில்லை. "அய்யா ரூம்ல இதுவும் இருந்துச்சு. எல்லாத்துக்கும் வைக்கிறப்ப இத மட்டும் எப்படி விடுறது? வழக்கம். பொரியும் ஒரு கை உள்ள அள்ளிப் போட்டு வாயக் கட்டினேன். கார்த்திகையில இது இவங்க குடிசையில இருந்து வரும்னு அப்ப எனக்குத் தெரியாது."

அரசு வக்கீல் தன் மனுவை மெதுவாகத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். "முடிச்சையும் அவிழுங்க," என்றார் மாஜிஸ்திரேட்.

நாசர் அவிழ்த்தார். முதலில் வாசம் வந்தது, மலையின் ஈர வாசம், பச்சையின் காரம், பொரியும் வாழைப்பழமும் கற்பூரமும் கலந்த ஆயுத பூஜை வாசம். பச்சைப் பூக்கொத்துகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொரி கிடந்தது. அதற்குப் பிறகு, அந்த மூட்டையைக் கட்டிய மத்தியானத்தில் ஸ்டேஷன் சன்னல் வழியாக உள்ளே வந்து, முடிச்சு விழுந்ததும் வெளியே போக வழியில்லாமல், வாடாமல், புளிக்காமல், நரைக்காமல், அத்தனை காலமும் உள்ளேயே காத்துக் கிடந்த ஒன்று வெளியே வந்தது. பவுன்தாயின் இளமைக் குரல்.

"ஜீப்பு கவுந்தா யாரு பொறுப்பு?"

கூண்டில் நின்ற பவுன்தாய் தன் குரலைத் தானே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நின்றது. அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. கேள்வியோடு முடிச்சு விழுந்திருக்கிறது. பதில் உள்ளே போகவில்லை. கேள்வி எங்கள் தலைக்கு மேல், ஓட்டுக்குக் கீழே, நின்றுகொண்டிருந்தது.

நான் வாயெடுப்பதற்குள் பதில் குருவம்மாவுக்கு வந்தது.

"தோட்டக்காரன் பொறுப்பு!"

அவள் சொல்லி முடிக்குமுன் இன்னொருத்தி, இன்னொருத்தி, பிறகு வராந்தா, பிறகு வேப்பமரம், வாய்தா கேட்டு வந்த பூக்காரர்கள், பால்காரர்கள், மாவுக்காரர்கள், கடைசிப் பெஞ்சில் டாக்டர், எல்லோரும், அன்று பிறந்தே இராத பிள்ளைகள் கூட, மனப்பாடம்போல் அந்தப் பதிலைச் சொன்னார்கள். சடையாண்டியின் உதடும் அசைந்தது, நான் பார்த்தேன். சிவப்புச் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டின் மேசைமேல் ஏறிக் கூவியது. அது கூவி முடிப்பதற்குள் மூட்டையின் பச்சை எங்கள் கண்முன்னே பழுப்பாகி, பழுப்பு பொடியாகி, பொடி காற்றில் எழுந்து, சன்னல் வழியே மலைப் பக்கம் போனது. பூக்கூடைகளில் மல்லிகை அத்தனையும் ஒரே மூச்சில் விரிந்து, வாசத்தைக் கொட்டிவிட்டு, வாடியது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

தீர்ப்பு சின்னது. சாட்சியம் போதாமையால் அல்ல, பொய்வழக்கு என்பதால் விடுதலை. பொய் சொன்னவர் மேல் வழக்குப் போட உத்தரவு. மாஜிஸ்திரேட் அதை எழுந்து நின்று வாசித்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, அப்போது என் கண் தெளிவாக இல்லை. பவுன்தாய் கூண்டிலிருந்து இறங்கி, மூட்டையின் அடியில் மிஞ்சிய பொரியை ஒரு கை அள்ளி, வாயில் போட்டு மென்றாள்.

"நமுக்கலய்யா," என்றாள் என்னிடம். "இன்னும் மொறுமொறுன்னுதான் இருக்கு."

மறுநாள் விடியற்காலையில் ஜீப்புகள் வழக்கம்போல் வந்து ஹாரன் அடித்தன. பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டோரம் நின்றார்கள். ஏறவில்லை. முதல் ஜீப்பின் டிரைவர் தலையை நீட்டிப் பவுன்தாயைக் கேட்டான்.

"என்னத்தா, நேரமாகுதுல்ல? ஏறலையா?"

"இல்லப்பா. ஸ்ட்ரைக்கு."

"எப்ப இருந்து?"

"அந்த ஆயுத பூஜையில இருந்து," என்றாள் பவுன்தாய். "நடுவுல ஒரு வாய்தா போட்டிருந்தோம். முடிஞ்சிருச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தோழர், எழுதிக்கங்க. மொதக் கோரிக்கை ஜீப்பு. ரெண்டாவது, ஆஸ்பத்திரிக்குக் குளுருபெட்டி. குருவு, நீ கேள்வியக் கேளு. எனக்குத் தொண்ட கட்டிருச்சு."

குருவம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, மலையைப் பார்த்து நின்று, கேட்டாள்.